பத்திரப் பதிவுக் கட்டணம்: மிச்சம் யாருக்கு, சுமை யாருக்கு?

(வீட்டுரிமை குறித்த கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வாழ்நாள் சேமிப்பைத் திரட்டி, வங்கிக் கடனும் பெற்று, ஓர் உழைப்பாளி சிறு வீடொன்றை வாங்க முற்படும்போது, விலைக்கு அப்பால் வேறு இரண்டு செலவுகள் அவர் முன் நிற்கின்றன: முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். இவற்றைச் சேர்த்து வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. கைப்பணத்திலிருந்தே கட்டியாக வேண்டும். ஆகவே, இதில் எவ்வாறு மிச்சம் பிடிப்பது என்று அவர் கேட்பது இயல்பே. ஆனால் எல்லா மிச்சமும் மிச்சமல்ல.

முதலாவது போலி மிச்சம், பத்திரமே பதியாமல் பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் வீடு வாங்குவது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அசையாச் சொத்து விற்பனையைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குகிறது. அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறிவிட்டது. தில்லியின் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இத்தகைய காகிதங்களை மட்டுமே நம்பி வாழ்ந்தன. 1,731 குடியிருப்புகளுக்கு உரிமை அங்கீகாரம் வழங்க 2019இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அம்மக்கள் சட்டத்தை ஏய்க்க விரும்பியவர்கள் அல்லர். முறையான வீடு அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தது என்பதே காரணம்.

இரண்டாவது போலி மிச்சம், விலையைக் குறைத்துக் காட்டுவது. இதில் ஆதாயம் பெறுபவர் பெரும்பாலும் கறுப்புப் பணம் கேட்கும் விற்பனையாளரே. வாங்குபவருக்கோ வங்கிக் கடன் குறைகிறது. நாளை விற்கும்போது ஆதாய வரி கூடுகிறது. குறைமதிப்பு கண்டறியப்பட்டால் தீர்வைப் பாக்கியும் அபராதமும் வந்து சேரும். இன்னொரு தீங்கு ஊருக்கே நேர்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு நிர்ணயிக்கப்படுவது, அரசின் வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் பதிவான விற்பனைப் பத்திரங்களின் விலையையும் கொண்டுதான். பத்திரங்களில் பொய் விலை எழுதப்பட்ட ஊரில், சாலைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் பறிபோகும் நாளில் அந்தப் பொய் விலையே விவசாயியின் இழப்பீட்டைக் குறைக்கும்.

சட்டம் அனுமதிக்கும் மிச்சமும் உண்டு. அதை உழைக்கும் குடும்பங்கள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். தில்லி மாநகராட்சிப் பகுதியில் 20 லட்சம் ரூபாய் வீட்டிற்கு முத்திரைத் தீர்வை ஆண் பெயரில் 6 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய். பெண் பெயரில் 4 சதவீதம், 80,000 ரூபாய். மிச்சம் 40,000 ரூபாய். ஹரியானா, உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களிலும் பெண்களுக்குச் சலுகை உண்டு. இது வெறும் பணக் கணக்கன்று. பத்திரத்தில் பெயருள்ள பெண்ணின் கையொப்பமின்றி வீட்டை விற்பதோ, அவரை வெளியேற்றுவதோ எளிதன்று. ஆனால் சலுகை நிலையானதாக இருக்க வேண்டும். ஜார்க்கண்டில் 2017இல், 50 லட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண்கள் ஒரு ரூபாயில் பதிவு செய்யலாம் என்று அறிவிக்கப்பட்டது. 2020இல் அது திரும்பப் பெறப்பட்டது.

இனி, பெரிய மிச்சம் எங்கே போகிறது என்று பார்ப்போம். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையை 3 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. விலை உச்சவரம்பு ஏதும் வைக்கவில்லை. 20 லட்சம் ரூபாய் வீடு வாங்கியவருக்கு மிச்சம் 60,000 ரூபாய். மும்பையில் 20 கோடி ரூபாய் சொகுசு வீடு வாங்கியவருக்கு 60 லட்சம் ரூபாய்! அதே மாநிலத்தில் பதிவுக் கட்டணத்திற்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். 30 லட்சம் ரூபாய் வீட்டிற்கும் 30 கோடி ரூபாய் வீட்டிற்கும் ஒரே கட்டணம்.

இதனினும் பெரிய வழி பெருமுதலாளிகளுக்குத் திறந்திருக்கிறது. நிலத்தை ஒரு நிறுவனத்தின் பெயரில் வைத்து, நிலத்தை விற்காமல் நிறுவனத்தின் பங்குகளை விற்றுவிடுவதே அது. பங்கு மாற்றத்திற்கான முத்திரைத் தீர்வையை ஒன்றிய அரசு நிர்ணயிக்கிறது. 2020 ஜூலை முதல் அது 0.015 சதவீதம். 100 கோடி ரூபாய்ப் பங்குகள் கைமாறினால் தீர்வை 1,50,000 ரூபாய் மட்டுமே. 20 லட்சம் ரூபாய் வீடு வாங்கும் தில்லித் தொழிலாளி கட்டுவது 1,20,000 ரூபாய். இந்த இரு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே, வரி அமைப்பு எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறது என்பது விளங்கும்.

அப்படியானால் கட்டணத்தையே ஒழித்துவிடலாமா? கூடாது. ஜிஎஸ்டி வந்தபின், மாநிலங்கள் தாமே விகிதம் நிர்ணயிக்கும் வரிகள் மிகச் சிலவே. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அப்பணம் தேவை. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் மாநிலங்கள் தீர்வையைக் குறைக்க ஊக்குவிக்கப்படும் என்றார் ஒன்றிய நிதியமைச்சர். குறைப்பதால் ஏற்படும் இழப்பை ஈடுகட்டுவது யார்? எல்லோருக்கும் ஒரே அளவில் குறைப்பது பணக்காரருக்கே பரிசாகும். மதிப்பிற்கேற்ப விகிதம் உயர்வதே நியாயம். அது இயலாததும் அன்று. கர்நாடகத்தில் அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 20 லட்சம் வரை 2, 45 லட்சம் வரை 3, அதற்கு மேல் 5 சதவீதம் என்ற படிநிலை வந்திருக்கிறது.

எனவே, தோழர்களே, மக்களிடையே கொண்டு செல்ல வேண்டிய கோரிக்கைகள் இவை. குடும்பத்தின் முதல் சிறு வீட்டிற்குப் பெயரளவு கட்டணம் மட்டுமே வேண்டும். சொகுசு வீடுகளுக்கு விகிதம் உயர வேண்டும். உச்சவரம்புச் சலுகை ஒழிய வேண்டும். ஆஸ்திரேலிய மாநிலங்களில் உள்ளதுபோல், நிலம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகள் பெருமளவில் கைமாறும்போது நில விற்பனைக்குரிய தீர்வை இங்கும் விதிக்கப்பட வேண்டும். பெண்களுக்கான சலுகை நாடெங்கும் நிலைபெற வேண்டும். மாநிலங்களின் இழப்பை ஒன்றிய அரசு ஈடுகட்ட வேண்டும்.

இடைத்தரகரின் காதோரக் கணக்கில் கிடைக்கும் மிச்சம் ஒரு குடும்பத்தையே ஆபத்தில் தள்ளும். போராடிப் பெறும் மிச்சமோ கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு உரிமையாகும். அந்த உரிமைக்காக ஒன்றுபடுவோம்.