குறைமாதத்தில் வந்த குழந்தை

(நம் சங்கத்தின் குடும்ப நலக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மேடைப் பழக்கம் இல்லாதவன் நான். ஹவுரா நிலையத்துப் பார்சல் ஆபீசில் மூட்டைகளின் எடையைப் புத்தகத்தில் பதிவது என் வேலை. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனும் அல்லன். ஆயினும் ஐம்பத்திரண்டு நாட்கள் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கற்றதை நம் காலனி மக்களுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று செயலாளர் வற்புறுத்தியமையால் உங்கள்முன் நிற்கின்றேன்.

2015ஆம் ஆண்டு. என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வளைகாப்புக்கு நாள் குறித்து வளையல்களும் வாங்கியாயிற்று. அது முடிந்ததும் தாய்வீட்டுக்கு அனுப்பக் கோரமண்டல் எக்ஸ்பிரசில் இடமும் பதிவு செய்திருந்தேன். அந்நிலையில் ஒருநாள் அவள் முகமும் கைகளும் வீங்கின; தலை பிளக்கிறது என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் இயல்புதானே என்று ஒரு நாளை வீணாக்கினேன். அது இரத்தக் கொதிப்பின் அடையாளம் என்பதை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன். சென்றவுடன் அவளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும் மருந்து அது. நியூஸிலாந்து நாட்டு மருத்துவர்களான லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் பயன். பிரசவத்துக்கு முன்னரே போட்டால்தான் பலன் உண்டு. நான் கழித்துவிட்ட அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் நெஞ்சு குறுகுகின்றது.

தாயைக் காக்க வேண்டுமாயின் குழந்தையை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் அறுவை நடந்தது. முப்பத்தொன்றாம் வாரத்துப் பெண்குழந்தை. எடை 1,180 கிராம். நாள்தோறும் குவிண்டால் கணக்கில் எடை எழுதும் என் கைக்கு அந்த எண்ணை எழுத வரவில்லை.

ஊரிலிருந்து ஓடிவந்த என் மாமியார், "எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்பார்கள், மாப்பிள்ளை. இப்போது பெயர்வைக்கும் பேச்சு எடுக்கவேண்டாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டு வளர்ந்த சொல் அது. ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது பிழைக்காது என்பதை நம்மில் பலரும் கேட்டிருப்போம். உண்மை அதற்கு நேர்மாறானது. கருவறையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை கூடுகின்றது. ஏழைவிட எட்டு மேல், எட்டைவிட ஒன்பது மேல்.

ஆனால் அன்று நானும் அந்தச் சொல்லுக்கு அடங்கினேன். அதற்கு மேலும் ஒரு பிழை செய்தேன். மனைவி எங்கே என்று கேட்ட ஆபீஸ் நண்பர்களிடமும் உங்களில் சிலரிடமும், "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று பத்தொன்பது நாட்கள் பொய் சொன்னேன். குழந்தை பிறந்தது என்று சொல்லி, பிறகு இல்லை என்றும் சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சம். குழந்தையின் காலில் கட்டியிருந்த சீட்டில் 'இன்னாருடைய குழந்தை' என்று தாயின் பெயர் மட்டும் இருந்தது.

பெட்டிக்குள் கிடந்த அவளை முதல் முறை பார்த்தபோது, தோலின் கீழ் ஓடும் நரம்புகள் எல்லாம் தெரிந்தன. அவளைச் சூழ்ந்த குழாய்களைக் கண்டு நான் நடுங்கினாலும், முந்திய தலைமுறைக்கு அவைகூட இல்லை என்பதைப் பிறகு படித்தறிந்தேன். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்து வாரத்துக்கும் மேல் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் விரியாமல் இரண்டு நாட்களுக்குள் இறந்துபோனது. அத்தனை பெரிய நாட்டிலும் அதற்கு அன்று மருந்து இல்லை. ஜப்பானிய மருத்துவர் ஃபூஜிவாரா 1980இல்தான் அந்நோய்க்கு நுரையீரலுக்குள்ளேயே செலுத்தும் மருந்தைக் கொடுத்துக் காட்டினார்.

இனிப் பாலைப் பற்றி. முப்பத்து நான்கு வாரத்துக்கு முற்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேரத் தெரியாது. ஆதலால் தாய்ப்பாலைக் கறந்து குழாய்வழி செலுத்துகிறார்கள். முதல் நாள் என் மனைவிக்குச் சில துளிகளே வந்தன, அவள் அழுதாள். நர்ஸ் அம்மையார் அந்தத் துளிகளையும் விடாமல் எடுத்துக்கொண்டு, "இது மருந்து, அம்மா" என்று வங்காளியில் சொன்னார். இரவும் பகலும் மூன்று மணிக்கு ஒருமுறை கறக்கவேண்டும். பால் சுரவாத தாயின் குழந்தைக்கு வேறு தாயர் தரும் பாலைப் பாதுகாத்து வழங்கும் வங்கிகளும் உள்ளன. பம்பாய் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கினார். நம் கல்கத்தாவில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் 2013இல் அமைந்தது.

குழாயை எடுத்தபின் புட்டி கொடுக்கவில்லை. ஒருநாள் மருத்துவர் கேட்டு வாங்கிய பொருளின் பெயர் காதில் விழுந்தபோது திடுக்கிட்டேன். "பாலாடை" என்றார்! நம் வீடுகளில் பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள அதே சிறு கிண்ணந்தான். இந்திய மருத்துவர்கள் தம் நூல்களில் நம் சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்காளி நர்ஸுக்கு அது 'ஜினுக்'. மாமியார் தம் பெட்டியில் வெள்ளிப் பாலாடை ஒன்றைக் கொண்டுவந்து, வெளியே எடுக்க அஞ்சி ஒளித்து வைத்திருந்தார். அன்றுதான் அதை எடுத்துக் காட்டினார்.

அடுத்தது அணைப்பு. தென்னமெரிக்காவில் பொகொட்டா நகரத்து மருத்துவமனையொன்றில் பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகள். நோய் தொற்றி இறந்தன. 1978இல் எட்கர் ரே என்னும் மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டச் சொன்னார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பது போன்றதால் அப்பெயரே நிலைத்தது. வறுமையில் பிறந்த வழி என்று இதை எளிதாக எண்ண வேண்டாம். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆராய்ச்சியில், உடல்நிலை தேறும் வரை காத்திருந்து அணைத்த குழந்தைகளில் நூற்றுக்கு 15.7 இறந்தன, பிறந்தவுடன் அணைக்கத் தொடங்கியவற்றில் 12 மட்டுமே.

என் மனைவி எழ முடியாத நாட்களில் அந்தப் பணி என்மேல் வந்தது. ஆண்பிள்ளை சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்காருவதா என்று வெட்கப்பட்டேன். நர்ஸ் விடவில்லை. மார்பில் வைத்தவுடன் அவள் மூச்சு என் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அன்று நான்கு மணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய், எழுந்தபோது விழப்பார்த்தேன். நாள்தோறும் எடை போடுவார்கள். பத்து கிராம், பதினைந்து கிராம். சிலநாள் குறையும், அன்று இரவு உறக்கம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பக்கத்துப் பெட்டி காலியாயிற்று. சுந்தரவனப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண்ணின் மகன். அவர்களும் எங்களைப் போலவே யாருக்கும் சொல்லவில்லையாம். ஆதலால் வந்து அழுவாரும் இல்லை. பிறந்ததே தெரியாதவர்களிடம் இறந்ததை எப்படிச் சொல்வது? என் மனைவி அவள் கையைப் பற்றிக்கொண்டு மாலை வரை உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் எங்கள் மாடிப்படியில் எதிர்வீட்டு வங்காளி மூதாட்டி, மாஷிமா என்று நாங்கள் அழைப்பவர், என்னை நிறுத்தினார். எப்படியோ செய்தி தெரிந்திருக்கிறது. "பெண் பிறந்திருக்கிறாளாமே, மிஷ்டி எங்கே?" என்றார். எனக்கு வாழ்த்துச் சொன்ன முதல் மனிதர் அவர். லேக் மார்க்கெட்டுக்குப் போய்ச் சந்தேஷ் வாங்கிவந்தேன். அன்று மாலையே பெட்டியருகில் நின்று, மாமியாரே குழந்தையின் பெயரை மூன்று முறை சொன்னார்.

இத்தகைய பராமரிப்பு பெருநகரத்தோடு நின்றுவிடவில்லை. நம் ஆத்ரா டிவிஷனைச் சேர்ந்த புருலியாவின் மாவட்ட மருத்துவமனையில், கல்கத்தாவின் டாக்டர் அருண் சிங் 2003இல் பச்சிளங்குழந்தைகளுக்கென ஒரு பிரிவை அமைத்து, உள்ளூர்ப் பெண்களையே பயிற்றி வேலையில் வைத்தார். நாடெங்கும் மாவட்டங்களில் பின்னர் எழுந்த பிரிவுகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. 2011 முதல் அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்குச் சிகிச்சை இலவசம். 2020இல் நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ முப்பது லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனவாம்.

ஒன்றை மறக்கவேண்டாம்: வீட்டுக்கு வந்தாயிற்று என்று கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வை போகக்கூடும். பிறந்த முப்பது நாட்களுக்குள் கண் மருத்துவர் பார்த்தால் பெரும்பாலும் தடுக்கலாம்.

என் மகள் இன்று பள்ளிக்குச் செல்கிறாள். கணக்கு வரவில்லை, வாய் மட்டும் வருகிறது. அந்த வெள்ளிப் பாலாடை இதுவரை நம் காலனியில் இரண்டு வீடுகளுக்குப் போய்வந்தது. இப்போது மூன்றாம் வீட்டில் இருக்கின்றது. வேண்டுவோர் அடுத்து என்னிடம் சொல்லிவைக்கலாம். கொதிக்கும் நீரில் நன்கு வேகவைத்த பின்னரே புழங்க வேண்டும்.