கந்தகமும் கல்லீரலும்

(ஆதரவாளர்கள் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் அளிக்கப்பட்ட உரை)



நீங்கள் அனுப்பும் காணிக்கை எவ்விதம் பிரயோஜனப்படுகிறது என்று ஆண்டுதோறும் அன்போடு விசாரிக்கிறீர்கள். இம்முறை கட்டடக் கணக்கையும் கட்டில் கணக்கையும் விட்டுவிட்டு, ஒரு ஸ்பூன் காய்ச்சல் மருந்தைக் குறித்துப் பேச விரும்புகிறோம்.

தர்மபுரி மாவட்டத்தின் பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வரும் தாயிடம் நாங்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறோம். "பிள்ளை என்னம்மா சாப்பிட்டான்?" "மூணு நாளா கஞ்சித் தண்ணிதாங்க." "என்ன மருந்து கொடுத்தீங்க?" "காய்ச்சல் மருந்து ஒரு ஸ்பூன். இறங்கலைன்னு மறுபடியும் ஒரு ஸ்பூன்." இவ்விரண்டு பதில்களும் சேர்ந்து வரும்போது எங்களுக்குக் கவலை உண்டாகிறது. அதன் காரணத்தைச் சொல்லுகிறோம்.

நம் கல்லீரலுக்குள் ஓயாமல் நடக்கும் ஒரு வேலை உண்டு. உடலுக்கு வேண்டாத ஒரு பொருள் வந்தால், கல்லீரலின் செல்கள் அதன்மேல் கந்தகத்தால் ஆன சல்பேட் என்னும் சிறு முடிச்சைப் போட்டுவிடுகின்றன. முடிச்சு விழுந்த பொருள் தண்ணீரில் எளிதாய்க் கரைந்து சிறுநீரோடு வெளியேறுகிறது. 1876இல் ஜெர்மானிய வேதியியலார் பௌமன், கார்பாலிக் அமிலத்தால் சிகிச்சை பெற்ற ஒரு நோயாளியின் சிறுநீரில் இதை முதலில் கண்டார். இந்த முடிச்சைப் போடுவதற்கு முன் செல்லானது சல்பேட்டை ஊக்கப்படுத்த வேண்டும். அந்த ஊக்கம் பெற்ற சல்பேட் இன்னதென்று 1950களில் ராபின்சும் லிப்மனும் கண்டறிந்தார்கள்.

மருந்துகளுக்கு மாத்திரம் அல்ல, நம் சரீரத்தின் சொந்தப் பொருள்களுக்கும் இது நடக்கிறது. புரதத்தின் கூறாகிய டைரோசின் என்னும் அமினோ அமிலம் சல்பேட் முடிச்சோடு மனித சிறுநீரில் இருப்பது 1955இல் தெரியவந்தது. டைரோசினிலிருந்து உண்டாகும் டோபமைனும், இரத்தத்தில் ஓடும்போது பெரும்பாலும் இந்த முடிச்சோடுதான் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனிதக் கல்லீரல் செல்களும் டைரோசினையும் அதன் உறவுப் பொருள்களையும் இவ்விதமே முடிந்து வெளியே விடுகின்றன.

இந்தக் கந்தகம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நாம் உண்ணும் புரதத்திலிருந்து, அதிலுள்ள மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. ஆகவே தட்டு காலியானால் கல்லீரலின் இருப்பும் குறைகிறது.

இப்போது அந்த ஸ்பூனுக்கு வருவோம். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலைப் பெரியவர்களின் கல்லீரல் பெரும்பாலும் சர்க்கரையோடு சம்பந்தப்பட்ட வேறொரு பொருளைச் சேர்த்து அனுப்பிவிடுகிறது. சிறு பிள்ளைகளிடம் சல்பேட் வழிதான் பெரிது. மருந்து அளவு மீறினால் சல்பேட் தீர்ந்துபோகிறது. மீதியில் ஒரு பங்கு நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சைத் தடுக்கும் குளுட்டாதயோனும் சிஸ்டீனால் ஆனது. பட்டினியில் அதுவும் குறைகிறது. இரண்டு காவலும் ஒரே களஞ்சியத்தை நம்பியிருக்கின்றன.

கணக்கைக் கவனியுங்கள். எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் அளவு. 8 கிலோ பிள்ளைக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஒரு சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிறது; மற்றொன்றில் 250. சொட்டு மருந்திலோ 1 மில்லியிலேயே 100 இருக்கிறது. அதை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், அதாவது நான்கு மடங்குக்கும் மேல்! ஸ்பூன் ஒன்றுதான், உள்ளே போவது ஒன்றல்ல. தாயின்மேல் குற்றம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அளவு மீறிய பிள்ளை முதல் நாள் நன்றாய் இருப்பதுபோலவே தோன்றலாம். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மாற்று மருந்து உண்டு: அசிட்டைல்சிஸ்டீன். 1970களில் எடின்பர்கில் பிரெஸ்காட் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் அதன் பலனைக் காட்டினார்கள். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் பெரும்பாலும் தப்புகிறது. அதுவும் சிஸ்டீனின் ஒரு வடிவமே, காலியான களஞ்சியத்தை நிரப்புவதுதான் அதன் வேலை.

நம் மாவட்டத்தின் நிலத்திலேயே நல்ல களஞ்சியம் உண்டு. ராகியில் மெத்தியோனின் நன்றாக இருக்கிறது. அவரையிலும் கொள்ளிலும் அது குறைவு, ஆனால் ராகியில் குறைவான லைசின் அவற்றில் உண்டு. ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும் ஒன்றையொன்று தாங்குகின்றன. எள்ளும் முட்டையும் இன்னும் நல்லது. மரவள்ளிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், ஆனால் புரதம் மிகவும் குறைவு. அதிலுள்ள சயனைடு நஞ்சை மாற்றவும் கல்லீரல் கந்தகத்தையே செலவிடுகிறது. ஆகவே கிழங்கைத் தோல் நீக்கி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும்படி தாய்மாருக்குச் சொல்லுகிறோம்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை எங்கள் கையில் எடை பார்க்கும் தராசாகவும், கோடு போட்ட மருந்து மூடியாகவும், அலமாரியில் காத்திருக்கும் மாற்று மருந்தாகவும் மாறுகிறது. தாயோடு உட்கார்ந்து பேசும் ஒரு செவிலியரின் பத்து நிமிடமாகவும் மாறுகிறது. நீங்களும் இன்று வீட்டுக்குப் போய், பிள்ளைகளின் மருந்துப் புட்டியில் 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அடுத்த வீட்டுத் தாய்க்கும் சொல்லுங்கள். அதுவும் எங்களுக்கு ஒரு காணிக்கையே.