அடையாற்றில் கூடிய மாதர்



சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அறியாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. அதன் அதிகாரப்பூர்வப் பெயரோடு அடைப்புக்குறிக்குள் மூன்று எழுத்துகள் இன்றும் உண்டு: டபிள்யூ.ஐ.ஏ. சீட்டுக்காக வரிசையில் நிற்பவர்களில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மருத்துவமனையைத் தொடங்கிய பெண்கள் அமைப்பின் பெயர் அது. தமிழில் இந்திய மாதர் சங்கம். இன்றைய உரை அந்தச் சங்கத்தின் கதை.

பட்டமளிப்பு விழாவில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. பட்டம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்துத் தரப்படுகிறது. படித்ததும் தேர்வெழுதியதும் தனித்தனியாக. நாளை தேடப்போகும் வேலையும் அப்படித்தான். ஆனால் ஒருவர் மனத்தில் எழுந்த எண்ணம் ஊருக்கே பயன்படும் காரியமாக மாறிய இடங்களில் எல்லாம், பின்னால் ஒரு சங்கம் இருந்திருக்கிறது. மாதம் தவறாமல் கூடி, சந்தா வாங்கி, கணக்கெழுதி, தீர்மானம் போட்டு, மனு அனுப்பிய சங்கம். அந்த உழைப்புக்கு வரலாற்றுப் புத்தகங்களில் போதிய இடம் கிடைப்பதில்லை.

இந்திய மாதர் சங்கம் 1917 மே 8 அன்று அடையாற்றில் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்றார்கள். அன்னி பெசன்ட் தலைவரானார். கசின்ஸ் அயர்லாந்துக்காரர். அங்கே பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். 1915இல் கணவரோடு இந்தியா வந்து, மதனப்பள்ளியில் தங்கினார். கூட்டம் நடத்தவும் கோரிக்கையை எழுத்தில் வைக்கவும் அவருக்கு அனுபவம் இருந்தது. இங்குள்ள பெண்களுக்கு என்ன தேவை என்பதை உடன்சேர்ந்த இந்தியப் பெண்கள் சொன்னார்கள். கிளைகளில் எழுத்தறிவு வகுப்பு, தையல், முதலுதவி, குழந்தை நலம் என்று வேலை நடந்தது. 1918இல் ‘ஸ்திரீ தர்மா’ என்ற இதழ் தொடங்கியது. ஆங்கிலத்தோடு இந்திய மொழிகளிலும் பக்கங்கள் வந்த அந்த இதழ், 1936 வரை வெளிவந்தது.

சங்கம் தொடங்கிய ஆண்டே ஒரு பெரிய காரியம் நடந்தது. இந்தியாவுக்கு அரசியல் சீர்திருத்தம் தருவது பற்றிக் கருத்துக் கேட்க பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மாண்டேகு சென்னை வந்திருந்தார். 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு வாக்குரிமை தரப்படும்போது பெண்களுக்கும் தர வேண்டும் என்று மனு கொடுத்தது. சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர் கசின்ஸ். வாக்குரிமை பற்றி ஆராய அடுத்து வந்த சவுத்பரோ குழு கோரிக்கையை ஏற்கவில்லை. 1919 இந்திய அரசுச் சட்டமும் முடிவை மாகாண சட்டசபைகளிடமே விட்டது. சங்கம் சோர்ந்துவிடவில்லை. மீண்டும் மனு, மீண்டும் கூட்டம். 1921இல் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே அந்த உரிமை என்பதால், மிகச் சில பெண்களே வாக்களிக்க முடிந்தது. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெண் என்பதற்காகவே வாக்கு மறுக்கப்படும் நிலை இங்கே அன்றோடு முடிந்தது.

வாக்களிக்கலாம், போட்டியிட முடியாது என்றிருந்த தடையும் 1926இல் விலகியது. அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய் சென்னை மாகாண சட்டசபைக்கு மங்களூர்ப் பகுதியில் நின்று, சொற்ப வாக்குகளில் தோற்றார். சங்கம் முன்மொழிந்த இன்னொரு பெயர், நியமன உறுப்பினராக அவைக்குள் நுழைந்தது. அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்து, ஆண்கள் படித்த கல்லூரியில் இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் அவர். மருத்துவத் தொழிலை விட்டு அரசியல் பணிக்கு வர அவருக்குத் தயக்கம் இருந்தது. 1927இல் சட்டசபை உறுப்பினரானார். அவை அவரை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பெண்களுக்குப் பொட்டுக்கட்டிக் கோயில்களுக்கு விடும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்து அவர் கொண்டுவந்த முயற்சி, 1947இல் முழுத் தடைச் சட்டமாக முடிந்தது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் பலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் பற்றிப் பிறர் முடிவு செய்வதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி அது. படித்த, வசதியுள்ள பெண்களின் சங்கம் தனக்கு வெளியே இருந்த பெண்களை எவ்வளவு கேட்டது என்பதை இன்றும் விவாதிக்கத்தான் வேண்டும். மறுபக்கம், அந்த வாழ்விலிருந்து வெளியேறி வந்த சிறுமியருக்கு விடுதிகளில் இடம் கிடைக்காதபோது முத்துலட்சுமி தம் வீட்டுக் கதவைத் திறந்தார். 1930இல் அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது.

விடுதலைப் போராட்டத்துக்கும் இந்தச் சங்கத்துக்கும் தூரமில்லை. காந்தி கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி 1930இல் சட்டசபைப் பதவியைத் துறந்தார். கசின்ஸ் 1932இல் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். முத்துலட்சுமியின் தங்கை சுந்தராம்பாள் 1923இல் புற்றுநோயால் இறந்தார். அக்கா மருத்துவர், இருந்தும் காப்பாற்ற வழியில்லை. புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்விட்டது. 1935இல், தாம் படித்த மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை வெளிப்படையாகச் சொன்னார். குணமாகாத நோய்க்கு எதற்குச் செலவு என்பதே அன்று அரசாங்கத்திலும் மருத்துவர்களிடையேயும் பரவியிருந்த எண்ணம். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1949இல் இந்திய மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கியது. பெண்கள் நிதி திரட்டினார்கள். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கசின்ஸ் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், அந்த மார்ச் மாதம், அடையாற்றில் காலமாகியிருந்தார்.

தங்கையின் மறைவுக்கும் மருத்துவமனையின் திறப்புக்கும் இடையே முப்பத்தொரு ஆண்டுகள். ஒரு குடும்பத்தின் துக்கத்தை இவ்வளவு காலம் பொதுக் காரியமாகத் தாங்கிக் கொண்டுவர ஒரு மனிதரால் முடிந்திருக்குமா என்பது ஐயமே. முத்துலட்சுமிக்கு மனவுறுதி இருந்தது. நிதி சேர்க்கவும் ரசீது தரவும் நம்பிக்கையான பெயரோடு அரசின் கதவைத் தட்டவும் சங்கம் இருந்தது. ஆண்டுக்கணக்கில் வீடு வீடாகப் போன உறுப்பினர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவர்களுக்கும் இந்த அரங்கிலிருந்து ஒரு வணக்கம்.

மருத்துவமனை தொடங்கியபோது முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்தினார். 1955இல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் அரசுப் பணி கிடைத்திருந்தும் அதை விட்டு வந்தவர். தொடக்க ஆண்டுகளில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தார். மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தார். சில ஆண்டுகளிலேயே கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. பிறகு குழந்தைகளுக்கான புற்றுநோய்ப் பிரிவு. 1980களின் தொடக்கத்தில் சென்னைப் பகுதிக்கான புற்றுநோய்ப் பதிவேடு. எந்தப் புற்று யாருக்கு, எந்த வயதில் வருகிறது என்று வருடம் தவறாமல் எழுதி வைக்கும் வேலை அது. இன்று அங்கே 400-க்கும் மேற்பட்ட படுக்கைகள் உண்டு. ஏழை நோயாளிகளில் பலர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். 2005இல் மகசேசே விருது பெற்ற சாந்தா, 2021 ஜனவரியில் மறையும் வரை அந்த வளாகத்தை விட்டு நகரவில்லை.

இந்த அரங்கில் கணக்கியல் படித்தவர்கள், சட்டம் படித்தவர்கள், செவிலியம் முடித்தவர்கள், தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் மாதர் சங்கத்திலும் மகளிர் சுய உதவிக் குழுவிலும் நூலக வாசகர் வட்டத்திலும் வரவு செலவு எழுத ஆள் வேண்டும். வட்டாட்சியருக்கு மனு எழுத ஆள் வேண்டும். இந்த ஆண்டுக்குள் ஏதாவது ஒன்றில் உறுப்பினராகச் சேருங்கள். வேலைக்காக வேறு ஊர் போனால், அங்கே இருக்கும் ஒன்றில் சேருங்கள். முதல் ஓராண்டுக்குக் கூட்டம் தவறாமல் போங்கள். செயலாளர் பதவியைத் தந்தால் மறுக்காதீர்கள்.