கொடுக்காத கொடை



இம்மாநாட்டின் பொருளைக் குறிக்க 'திசுக் கொடையாளர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொடுப்பவர் அறிந்து கொடுத்தால்தான் அது கொடை. 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய பிரிவில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸ் எதையும் கொடுக்கவில்லை. ரேடியம் சிகிச்சைக்காக மயக்கத்தில் கிடந்தபோது அவருடைய கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, ஜார்ஜ் கை என்பாரின் திசு வளர்ப்பு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை ஆய்வகத்தில் மனித செல்கள் விரைவிலேயே மடிந்துபோயின. 'ஹீலா' என்று பெயர் பெற்ற இவையோ ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டித்தன. அவ்வாண்டு அக்டோபர் 4இல், 31 வயதில், அவர் இறந்தார். போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவியவை அவருடைய செல்களே. வைரஸ் ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு கண்டறிந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. 18 வகை வைரஸ் அவற்றுக்குள்ளும் இருந்தது. அவ்வாராய்ச்சி வழியாக வந்த தடுப்பூசி, அவரைக் கொன்ற அதே நோயிலிருந்து இன்று பெண்களைக் காக்கிறது. சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசும் கிடைத்தது. லாக்ஸின் கல்லறைக்கு 2010 வரை பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை.

இதை நன்றிக்கடன் என்று மட்டும் சொன்னால் போதாது. ஆய்வு நேர்மையே இதில் அடங்கியிருக்கிறது. ஒரு வேதிப்பொருளை எந்த நிறுவனத்திடம் வாங்கினோம் என்று கட்டுரையில் எழுதுகிறோம். ஹீலா செல்களுக்கு உரியவரின் பெயரோ 'ஹெலன் லேன்' என்று பல ஆண்டுகள் பொய்யாக வழங்கியது. ஆய்வாளர்கள் இரத்தம் கேட்டு வந்த 1973ஆம் ஆண்டில்தான் குடும்பத்தாருக்கே செய்தி தெரிந்தது. மூலத்தை மறைத்துவைத்த அறிவு குறையுடைய அறிவே.

அக்காலத்தில் இசைவு கேட்கும் வழக்கம் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஜார்ஜ் கை அச்செல்களை விற்காமல் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார் என்பதையும் மறுக்கவில்லை. அக்கால வழக்கம் அன்றைய செயலின் பழியைக் குறைக்கலாம், இன்றைய மௌனத்துக்கு அது விடையாகாது. வெட்டி எடுத்த சதை கழிவுதானே என்பது அடுத்த வாதம். தம் செல்கள் குறித்து ஜான் மூர் என்ற நோயாளி தொடுத்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990இல், எடுக்கப்பட்ட செல்கள்மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. ஆனால் மருத்துவர் தம் ஆய்வு நோக்கத்தையும் பொருளாதார ஆதாயத்தையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்றும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது. உரிமையை மறுத்த நீதிமன்றமே அறியும் உரிமையைக் காத்தது.

பெயரை வெளியிட்டால் அந்தரங்கம் குலையாதா என்ற கேள்வியே இவற்றுள் கனமானது. 2013இல் ஹீலா மரபணுத்தொகுதியைக் குடும்பத்தாரைக் கேளாமல் வெளியிட்டபோது அந்த ஆபத்து கண்முன் நின்றது. அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் குடும்பத்தாருடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தரவைக் கோரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் அவர்களும் இடம்பெற்றார்கள். ஆகவே அங்கீகாரம் என்பது கேட்பதில் தொடங்குகிறது. பெயர் வேண்டாம் என்றால் அதையும் மதிப்போம். ஆளையே கண்டறிய முடியாவிட்டால், அவர் அறியாமல் எடுத்தது என்ற உண்மையையாவது எழுதுவோம்.

இங்கே கட்டுரை வாசிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் செல்கள் யாரிடமிருந்து வந்தன, அவருக்கு அது தெரியுமா என்பதை முதலில் சொல்லிவிட்டு முடிவுகளுக்குப் போங்கள். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.