வரப்பு மரத்துக்குக் கார்பன் பணம்: கையெழுத்துப் போடும் முன் கணக்குப் போடுங்க

(வீரசோழன் விவசாயிகள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி டீக்கடையில ஒரு பெரியவர் என்னைப் பிடிச்சுக்கிட்டார். "தம்பி, மரம் நட்டா காத்துக்குக் காசு தர்றாங்களாமே, நெசமா?" என்று கேட்டார். அவர் போனைக் காட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு படம். பச்சை மரம், பக்கத்தில் ரூபாய்க் கட்டு, கீழே ஒரு நம்பர். உங்களில் பாதிப்பேருக்கு இந்தப் படம் வந்திருக்கும்.

நெசம்தான் அய்யா. ஆனா அந்தப் படத்தில் இருக்கிற அளவுக்கு நெசம் இல்லை. எவ்வளவு நெசம் என்று பேசத்தான் இங்கே வந்திருக்கேன்.

முதலில் இது என்ன சரக்கு என்று தெரிஞ்சுக்குவோம். மரம் காற்றில் இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சி, அதிலுள்ள கரியைத் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைக்கிறது. ஒரு டன் கரியமில வாயுவை இப்படிப் பிடித்து வைத்ததாகக் கணக்குக் காட்டி, வெளியாள் ஒருவர் வந்து சரிபார்த்து ஒப்புக்கொண்டால், அது ஒரு கார்பன் வரவு. எங்கேயோ புகை விடுகிற ஒரு நிறுவனம் தன் புகைக்கு ஈடாக அந்த வரவை வாங்குகிறது. விற்பது மரத்தை இல்லை, நிலத்தையும் இல்லை. மரம் நிற்கிறது என்கிற சான்றைத்தான் விற்கிறோம்.

இப்போ கணக்குக்கு வருவோம். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலேகால் அடி உயரத்தில், டேப் சுற்றினால் ஒன்றேமுக்கால் அடி வருகிற ஒரு வேப்ப மரத்தை எடுத்துக்குங்க. வேரையும் சேர்த்து, ஈரம் போக அதன் எடை ஏறக்குறைய 100 கிலோ என்று வச்சுக்குவோம். அதில் பாதி, 50 கிலோ, கரி. கரியை வாயுக் கணக்குக்கு மாற்ற 3.67ஆல் பெருக்கணும். 183 கிலோ வரும். அப்படின்னா ஒரு டன் சேர ஐந்தாறு மரம் வேணும்.

ஒரு ஏக்கர் வரப்பைச் சுற்றி 60 மரம். நம்ம ஊர் மழை வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். கரிசல் வெடிக்கிற மண். இந்தப் பருமன் வர பத்து வருஷம் பிடிக்கும்னு வச்சுக்குங்க. 60 மரமும் பிழைத்தால் 11 டன், அதாவது 11 வரவு. ஒரு வரவு 800 ரூபாய்க்குப் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். சந்தை விலை ஏறும், இறங்கும். மொத்தம் 8,800 ரூபாய். அதில் திட்டம் நடத்துகிறவர் பங்கு, சரிபார்ப்புச் செலவு, மரம் பட்டுப்போனால் ஈடுகட்ட ஒதுக்கி வைக்கிற பங்கு எல்லாம் போகும். பாதி உங்க கைக்கு வந்தால் 4,400 ரூபாய். பத்து வருஷத்துக்கு! வீரசோழன் சந்தையில் ஒரு நல்ல கிடாய் வாங்கப் போதாது.

பின்னே எதுக்குய்யா இதைப் பேச வந்தே என்று கேட்பீர்கள். கார்பனுக்காக மட்டும் மரம் நடாதீங்க என்று சொல்லத்தான். புளிக்காக நடுங்க. வேப்பமுத்துக்காக, ஆட்டுக்குத் தழைக்காக, மகள் கல்யாணத்துக்கு விற்கிற தடிக்காக, உச்சி வெயிலில் ஒதுங்க நிழலுக்காக நடுங்க. அதுக்கு மேலே கார்பன் பணம் வந்தால் வரட்டும். இந்த வரிசை மாறினால் ஏமாற்றம்தான்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. ஹரியானாவில் சிர்சா மாவட்டம், மணல் மேடு நகர்ந்து வந்து வயலை மூடுகிற வறண்ட பூமி. அங்கே 8 கிராமங்களில் 227 விவசாயிகள் சேர்ந்து, சொந்த நிலத்தில் ஏறக்குறைய 370 ஹெக்டேரில் மரம் வைத்தார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் அது 2009இல் பதிவானது. தனி ஆளாக ஒருத்தரும் போகலை என்பதைக் கவனியுங்க. ஆனால் அந்தத் திட்டத்தில் மரத்துக்குக் கொடுத்த வரவு தற்காலிக வரவு, கெடு முடிந்தால் காலாவதியாகும். பெரிய சந்தையான ஐரோப்பிய ஒன்றியமோ காடு வளர்ப்பு வரவுகளைத் தன் வணிகத்தில் சேர்க்கவே இல்லை. மரம் ஒழுங்காக வளர்ந்தாலும் வாங்குகிறவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

நம்ம தமிழ்நாட்டிலேயே, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம், டிஸ்ட் என்கிற சிறு விவசாயிகள் திட்டம் 2000களிலிருந்து நடக்கிறது. ஆப்பிரிக்காவில் தான்சானியாவில் 1999இல் தொடங்கியது அது. ஏழெட்டுப் பேர், பத்துப் பேர் என்று சின்னச் சின்னக் குழுவாகச் சேர்கிறார்கள். உள்ளூர் ஆளே கையடக்கக் கருவியோடு வந்து தோப்பின் எல்லையைச் சுற்றி நடந்து, மரத்தை எண்ணி, சுற்றளவு எடுக்கிறார். மரமும் தடியும் விவசாயிக்கே சொந்தம். செலவு போக மிச்சமாகும் கார்பன் வருமானத்தில் 70 விழுக்காடு குழுக்களுக்கு என்பது அந்தத் திட்டம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிற பங்கு. உங்களிடம் யாராவது வந்தால் இந்த அளவை மனசில் வச்சுப் பேசுங்க. "செலவு போக" என்ற இரண்டு சொல்லையும் மறக்காதீங்க. செலவு எவ்வளவு என்று சொல்லாமல் பங்கு மட்டும் சொன்னால் அந்தப் பங்குக்கு அர்த்தம் இல்லை.

நம்ம நாட்டுச் சந்தையும் இப்போதான் உருவாகிறது. 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜூன் மாதம் கார்பன் வரவு வணிகத் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. 2024 ஜனவரியில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் விவசாயிகளுக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக்கு ஒரு வழிகாட்டு நெறியையும் வெளியிட்டது. வழி திறக்கிறது, அவ்வளவுதான். அவசரப்பட்டு ஓட வேண்டிய வேலை எதுவும் இல்லை.

மரம் வேண்டாம், நெல்லுக்குக் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறீர்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் மீத்தேன் வாயு கிளம்பும். நம்ம பெரியவர்கள் சொன்ன மாதிரி காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும், அதுக்கும் வரவு உண்டு. ஆனால் அது பயிர்க் காலம் பூராத் தண்ணீர் நிற்கிற ஊருக்குப் பொருந்தும். கண்மாய்ப் பாசனத்தில் மடையைத் திறப்பது நீங்க ஒருத்தர் கையில் இல்லை. தவிர, நம்ம வயல் பாதி நாள் தானாகவே காயுது. ஏற்கனவே காய்கிற வயலில் "காயப் போட்டேன்" என்று கணக்குக் காட்ட முடியாது.

கரிமூட்டத்துக்கும் இதே கதைதான். சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி ஆக்கி மூட்டை மூட்டையாய் லாரி ஏற்றுகிறோம். அந்தக் கரியை அடுப்பில் எரித்தால் வாயு திரும்பக் காற்றுக்கே போய்விடும், வரவு கிடையாது. அதையே தூளாக்கி மண்ணில் போட்டால் நூறு வருஷத்துக்கு மேலும் மண்ணில் நிற்கும். அதுக்கு வரவு தருகிறார்கள். ஆனால் மண் மூடிய பழைய மூட்டத்தில் புகையோடு மீத்தேனும் கிளம்புகிறது. அதனால் புகையை எரித்துவிடுகிற உலை வேணும், ஒவ்வொரு சுமைக்கும் எடையும் பதிவும் வேணும். தனி ஆளுக்குக் கட்டாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மாதிரி சேர்ந்து செய்தால் பார்க்கலாம். எனக்கு என்னவோ நம்ம பகுதிக்கு வரப்பு மரத்தை விட இதில்தான் நாளைக்கு வேலை இருக்கும் என்று தோணுது.

சரி, கையெழுத்து விஷயம். என் மாமா முறை ஒருத்தர். பெயரும் ஊரும் வேண்டாம். வீட்டுக்கே வந்தார்கள், மரம் நட்டுத் தருகிறோம் என்றார்கள். இங்கிலீஷில் ஒரு கத்தைத் தாள். நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்கு நிலத்தில் பாதியை விற்கப் போனார். வாங்க வந்தவர் அந்தத் தாளைப் படிக்கச் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மரத்தில் கை வைக்கக் கூடாது, நிலம் கைமாறினாலும் கட்டுப்படும் என்று இருந்தது. வந்தவர் போய்விட்டார். வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது. நட்ட கன்றில் முக்கால்வாசி அதுக்கு முன்னாடியே காய்ந்து போச்சு, அது வேற விஷயம்.

முப்பது வருஷம் என்பதே தப்பில்லை. மரம் நிலைத்து நிற்கணும் என்றுதான் வாங்குகிறவன் காசு கொடுக்கிறான். தெரியாமல் ஒத்துக்கொண்டதுதான் தப்பு. அதனால் தமிழில் தாள் கேளுங்க. எத்தனை வருஷம், நடுவில் விலக வழி உண்டா, தடி யாருக்கு, எப்போ வெட்டலாம் என்று கேளுங்க. வறட்சியில் பட்டுப்போனால் நான் பணம் திருப்பித் தரணுமா என்று கட்டாயம் கேளுங்க. முதல் மூன்று கோடைக்குத் தண்ணி ஊற்றும் செலவு யாருடையது என்றும் கேளுங்க, ஏன்னா கார்பன் பணம் வருவது பல வருஷம் கழிச்சு, குடம் சுமக்கிறது இப்போ. திட்டத்துக்குப் பதிவு எண் உண்டா என்று கேட்டு வாங்குங்க. வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு போன்ற பதிவேடுகள் எல்லாரும் போனில் பார்க்கிற மாதிரி இருக்கு. ஆங்கிலத்தில்தான் இருக்கும், காலேஜ் படிக்கிற பிள்ளையை உட்கார வச்சுப் படிக்கச் சொல்லுங்க. எண் இல்லை, சீக்கிரம் வரும் என்றால், வந்த பிறகு வாங்க என்று அனுப்பி வையுங்க. பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்டாலோ, ஓடிபி சொல்லுங்க என்றாலோ போனை வச்சிடுங்க.

அதுக்கும் முன்னாடி பட்டாவைப் பாருங்க. அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நில ஆவண இணையதளத்தில் மாவட்டம் விருதுநகர், வட்டம் திருச்சுழி, உங்க கிராமம், சர்வே எண் போட்டால் பட்டா, சிட்டா, புலப்படம் வரும். போனில் முடியலைன்னா இ-சேவை மையம் இருக்கு. நம்ம பக்கம் நிறையப் பேருக்குத் தாத்தா பெயரில் அல்லது கூட்டுப் பட்டாவில்தான் நிலம் கிடக்கு. பங்காளிகள் எல்லாரும் ஒத்துக்காமல் எந்த ஒழுங்கான திட்டமும் உங்களைச் சேர்க்காது. சேர்த்துக்கிட்டால் அப்பதான் சந்தேகப்படணும். கண்மாய்க் கரை மரமும் புறம்போக்கு மரமும் உங்க கணக்கில் வராது. ஏற்கனவே வளர்ந்து நிற்கிற மரத்துக்கும் பொதுவாக வரவு இல்லை. புதுசாகச் சேர்கிற கரிக்குத்தான். அதனால் நடும் முன்னாடியே வெறும் வரப்பைத் தேதியோடு நாலு படம் எடுத்து வையுங்க.

கன்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். வேளாண்மைத் துறையின் நீடித்த நிலையான பசுமைப் போர்வை இயக்கம் 2021-22இல் தொடங்கியது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம், அல்லது நரிக்குடி, திருச்சுழி வேளாண் விரிவாக்க மையத்தில் சொல்லலாம். வனத்துறை நாற்றங்காலில் இருந்து கன்று இலவசமாக வரும். மகாகனி, மலைவேம்பு கேட்கிறவர்கள் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் நிற்குமா என்று ஒருதரம் எட்டிப் பாருங்க. மானாவாரிக் கரிசலுக்கு வேம்பு, புளி, வாகை போதும்.

குழியை ஆவணியிலேயே எடுத்து ஆறப் போடுங்க. முதல் மழை விழுந்ததும் நடுங்க. ஆட்டுக்கு என்ன செய்ய என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டாங்க. கம்பி வலை எல்லாம் வேண்டாம்மா. வயலில் வெட்டுகிற சீமைக்கருவேல் முள்ளையே கன்றைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு அடைங்க. இரண்டு வருஷம் தாங்கும், அதுக்குள்ளே கன்று ஆட்டு வாய்க்கு மேலே போயிடும்.