நாட்டுத் தக்காளி என்னும் பெயர்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நங்கநல்லூரில் தனிவீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. கிணற்றடித் தோட்டம் மொட்டைமாடித் தொட்டிகளுக்கு ஏறிவிட்டது. அத்தொட்டிகளுக்கு உரியவர் இருவர் சந்தித்தால், பேச்சு விரைவில் தக்காளியில் வந்து நிற்கும். மெல்லிய தோலும் நிறைந்த சாறும் உடைய பழம். காம்படியில் மடிப்பு மடிப்பாக இருக்கும். கையால் பிசைந்தாலே ரசத்துக்குக் கரைந்துவிடும். இத்தனையும் அவர்கள் நினைவில் உள்ளன. பெயர் மட்டும் இல்லை. கேட்டால் "நாட்டுத் தக்காளி" என்பர். விதைக் கடையில் அச்சொல் போதுவதில்லை. இலக்கிய வட்டத்தில் தக்காளிக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு இதுவே விடை: தேடுவோர்க்கு முதல் தடை ஒரு சொல்லாக இருக்கிறது.

"தக்காளி" என்பதே இப்பழத்துக்கு முதலில் உரிய பெயரன்று. வேலியோரத்தில் தாள் போன்ற உறைக்குள் காய்ப்பதும், சிறுவர் நெற்றியில் தட்டிச் சொடுக்கி மகிழ்வதுமான சொடக்குத் தக்காளிக்கு உரியது அது. தென் அமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியர் வழியே வந்த புதுப்பழம் "சீமைத் தக்காளி" என அடைமொழியோடு நுழைந்து, பின்னர் அடையை உதிர்த்துப் பெயரை முழுதாக எடுத்துக்கொண்டது. மெக்சிகோவின் நகுவா மொழியிலும் இதை ஒத்த ஒன்று நிகழ்ந்திருப்பது வியப்பு. அங்கே "தொமாத்ல்" என்ற சொல் உறைக்குள் காய்க்கும் பழத்துக்கும் வழங்கியது. நாம் உண்பதற்கு "ஷிதொமாத்ல்" என்று பெயர். ஸ்பானியர் முதற்சொல்லையே எடுத்துச் சென்று உலகெங்கும் பரப்பினர். சீமையிலிருந்து வந்த பழம் இன்று "நாட்டு" என்னும் அடையைச் சூடியிருப்பது மொழியின் குறும்பன்றோ!

அந்த அடைக்குள் மறைந்திருப்பவை பல. "நாட்டு" என்று விற்கும் விதைகளில் பி.கே.எம். 1 அடிக்கடி காணப்படும். பெரியகுளத்தில், அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையில் சடுதிமாற்றத்தைத் தூண்டி உருவாக்கியது அது. தட்டையான உருண்டைப் பழம். தோளில் பச்சை படர்ந்திருக்கும். தேனியை அடுத்த அன்னஞ்சியின் பெயர் ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டில் எவரோ எழுதி வைத்ததால் நின்றது. அவ்வாறு எழுதப்படாமல் வழக்கொழிந்த ஊர்ப் பழங்களை எப்பெயர் சொல்லி அழைப்பது? கோயம்புத்தூரின் கோ 1, அதன் சடுதிமாற்றமான கோ 3, தில்லியின் பூசா ரூபி, பெங்களூரின் அர்க்கா விகாஸ் ஆகியவையும் தோட்டக்காரர் நினைவில் கலந்து கிடக்கலாம். கோ 3க்கு "மருதம்" என்று பெயர். திணை அறிந்த எவரோ வைத்திருக்க வேண்டும்!

பச்சைத் தோளைப் பற்றி ஒரு செய்தி. பழம் முழுதும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று வளர்ப்போர் நெடுங்காலம் தேர்ந்தெடுத்து வந்தனர். அச்சீரான நிறத்தைத் தரும் மரபணு மாற்றம், காயிலுள்ள பசுங்கணிகங்களின் வளர்ச்சியைக் குன்றச்செய்து, பழத்தின் இனிப்பையும் குறைக்கிறது என்று 2012இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். சுவைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும், கடையில் பச்சை படர்ந்த பழத்தை ஒதுக்கிச் சிவந்ததை மட்டும் பொறுக்கும் கைகளுக்கும் இவ்விழப்பில் பங்குண்டு.

மேற்கூறியவை எவையும் முதல் தலைமுறைக் கலப்பினங்கள் அல்ல. அவற்றின் விதை பெரும்பாலும் தாயைப் போலவே வளரும். தக்காளி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் ஒரு மாடியே ஒரு வகையைக் காக்கப் போதும். கலப்பின விதையை எடுத்து வைத்தாலோ, அடுத்த தலைமுறை சிதறிவிடும். நன்கு பழுத்த பழத்தின் சதையை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு நீங்கும். பின் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். சாம்பலில் புரட்டி உலர்த்துவது கிராமத்து வழக்கம். பொட்டலத்தின் மேல் "நாட்டு" என்று எழுதி நிறுத்திவிடுவது பெருங்குறை. எந்த ஊர், யார் வீட்டு விதை, எந்த ஆண்டு, புளிப்பா இனிப்பா என்பவற்றை நான்கு சொல்லிலாவது எழுதலாம். கவிஞர்களுக்குச் சொற்சிக்கனம் பழகியதுதானே!

சென்னையில் ஐப்பசி அடைமழை நாற்றை அழுக்கிவிடும். சித்திரை வெயிலில் பூ உதிரும். மழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் மாசியில் பழம் பறிக்கலாம். விதை வைத்திருப்போர் அதற்குள் பொட்டலத்தைப் பிரித்துப் பங்கிட்டுக்கொள்ளட்டும்.