பாலர் கண்களுக்கு மெய்நிகர் கண்ணாடி தேவையா?



கெடா மாநிலத்தில் பள்ளி வாரம் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை. பள்ளி திறக்கும் முதல் ஞாயிறன்று அலோர் ஸ்டார் முதல் கூலிம் வரை எந்தத் தமிழ்ப்பள்ளிக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். முதலாம் ஆண்டு வகுப்பு வாசலில் அம்மாவின் கையை விடாமல் ஒரு பிள்ளை அழும். சன்னலுக்கு வெளியே அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்திலும் பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் பள்ளி லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அக்காவோடு போய் எட்டிப் பார்த்துப் பழகிய இடம். இன்று பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளை, வேனில் ஏறி, முன்பின் பார்க்காத கட்டடத்துக்குப் போகிறது.

இந்தப் பயத்தைப் போக்க மெய்நிகர் விளையாட்டு உதவும் என்கிறார்கள். கண்ணாடியைத் தலையில் மாட்டினால் வகுப்பறையே கண்முன் விரியும். பிள்ளை முன்கூட்டியே பழகிக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் பணம் கொடுக்குமுன் வயது வரம்பைப் பாருங்கள். மெட்டா நிறுவனம் 2023இல் 13 வயது வரம்பை 10ஆகக் குறைத்தது. அதுவும் பெற்றோர் கண்காணிப்பில். சோனியின் வரம்பு 12. நம் பாலர் பள்ளிப் பிள்ளைக்கு வயது ஐந்தோ ஆறோ!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மெய்நிகர் காட்சியில் திமிங்கிலத்தோடு நீந்திய தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பலர், சுமார் ஐந்து நாள் கழித்து அது உண்மையிலேயே நடந்ததாக நம்பினார்கள். அப்படியானால் கண்ணாடியில் கண்ட பள்ளியையும் பிஞ்சு மனம் நிஜமென்றே எடுத்துக்கொள்ளலாம். நேரில் வேறு பள்ளி எதிரே நின்றால் பயம் எப்படிக் குறையும்?

செலவில்லாத வழி ஒன்று உண்டு. பள்ளி திறக்குமுன் அனுமதி கேட்டுப் பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள். வகுப்பறை, கழிவறை, சிற்றுண்டிச்சாலை மூன்றையும் காட்டுங்கள். அந்த இடங்களைக் கைப்பேசியில் படம்பிடித்து, வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டுங்கள். உணவு டப்பாவைத் தானே திறக்க, சில்லறையை எண்ண, "ஆசிரியர், கழிவறைக்குப் போகலாமா?" என்று கூச்சமின்றிக் கேட்கப் பழக்குங்கள். அம்மா மாணவியாகவும் பிள்ளை ஆசிரியராகவும் விளையாடிப் பாருங்கள். மனத்தில் உள்ள பயம் அந்த விளையாட்டில் தானாக வெளியே வரும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் இதற்காக ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி வையுங்கள், பெற்றோர்களே.